மொன்பர்னாஸ் ஸ்டேசனுக்கு முன்னால் ஒரு அப்பக்கடை

பாரிசுக்குப் போய்வருகிற எங்கட ஆக்கள் முகநூலில் போடுகிற படங்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலாவது ஈஃபில் கோபுரம். இரண்டாவது லாச்சப்பலில் ஒரு தமிழ்க் கடைப் பலகைக்குக் கீழே நின்று எடுத்தது. மூன்றாவதோ நாலாவதோ ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. மரமேசை, ஜன்னலில் பின்னல் திரை, தட்டில் நாலு பக்கமும் மடித்த தோசை மாதிரி ஒன்று, நடுவில் மஞ்சள்கரு உடையாத முட்டை. கீழே எழுதியிருப்பார்கள்: "அசல் பிரெஞ்சுச் சாப்பாடு."

அந்த "அசல் பிரெஞ்சு" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் அந்தத் தட்டில் இருக்கிற பண்டத்தோடு பாரிசுக்கு வந்திறங்கிய சனத்தை, ஒரு காலத்தில் பாரிஸ்காரர் சரியான பிரெஞ்சுக்காரராகவே கணக்கெடுக்கவில்லை. வந்தவர்களில் பலர் பேசியது பிரெஞ்சும் இல்லை. ரயிலில் வந்து, இறங்கின ஸ்டேசனுக்குப் பக்கத்திலேயே அறை பிடித்து, அங்கேயே கடை போட்டவர்கள். மருதானையில் வளர்ந்த யாருக்கும் இந்தக் கதை பாதி தெரிந்த கதைதான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் வரைபடத்தில் மேற்குப் பக்கம் மூக்கு மாதிரி ஒரு நிலம் அத்திலாந்திக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிறெத்தாஞ். பெயரைக் கேட்டால் பிரித்தானியா ஞாபகம் வரும், அது வரவேண்டியதுதான். கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளில் பிரித்தானியத் தீவிலிருந்து கடல்கடந்து வந்து குடியேறிய கெல்டிக் சனங்கள் தங்கள் பெயரையும் மொழியையும் கூடவே கொண்டுவந்தார்கள். அந்தப் பிறெத்தோன் மொழிக்குச் சொந்தக்காரி பிரெஞ்சு இல்லை, வேல்ஸ் நாட்டு வெல்ஷ். 1532இல்தான் அந்த நாடு பிரெஞ்சு முடியோடு முறையாகச் சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகும் முந்நூறு வருசத்துக்கு மேலாக, மேற்குப் பக்கத்துக் கிராமங்களில் பெரும்பாலான சனத்துக்குப் பிரெஞ்சு தெரியாது. தேவைப்படவும் இல்லை.

மண்ணும் நல்ல மண் இல்லை. புளிப்பு மண், ஈரம் கூட, வெய்யில் குறைவு. கோதுமை பெரிதாக விளையாது. விளைந்ததும் குத்தகையாகவும் வரியாகவும் போய்விடும். ஏழைகள் நம்பியிருந்தது பக்வீட் என்ற பயிரை. ஆசியாவிலிருந்து மெல்ல மெல்ல மேற்கே போய், 15ஆம் நூற்றாண்டளவில் அங்கே வேர்விட்டது. தாவரவியல்படி அது தானியமே இல்லை, ஏனென்றால் புல்லினத்தைச் சேர்ந்தது இல்லை. சிவந்த தண்டு, வெள்ளைப் பூ, மூன்று மூலையுள்ள கறுத்த விதை. மூன்று மூன்றரை மாதத்தில் அறுக்கலாம், உரம் கேட்காது. பிரெஞ்சுக்காரர் அதற்கு வைத்த பெயர் "சறாசன்". மத்திய கால ஐரோப்பாவில் முஸ்லிம்களைக் குறிக்கப் பாவித்த சொல் அது. வெளியிலிருந்து வந்தது, நிறம் கறுப்பு, ஆகவே அந்தப் பெயர்.

எங்களிடம் இதற்குச் சமமாக ஒன்றைச் சொல்லவேண்டுமென்றால் குரக்கனைச் சொல்லலாம். அம்மம்மாக்களின் தலைமுறைக்குக் குரக்கன் ரொட்டி என்றால் அரிசி இல்லாத நாளின் சாப்பாடு. இன்றைக்கு அதே மா சூப்பர்மார்க்கெட்டில் வடிவான பையில், சீனி வருத்தக்காரருக்கு நல்லதென்ற பேரோடு, அரிசியைவிடக் கூடின விலைக்கு இருக்கிறது. பக்வீட்டுக்கும் அதே அதிர்ஷ்டம்தான் அடித்தது. வறுமைச் சாப்பாடு வசதியானவர்களின் மேசைக்கு ஏறும்போது, அதைச் சாப்பிட்டு உயிர்வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் கூட ஏறுவதில்லை.

பக்வீட் மாவில் பாண் சுடமுடியாது. பாணை உப்ப வைக்கிற பசைச்சத்து அதில் இல்லை. அதனால் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, இரவு முழுக்க வைத்து, இரும்புத் தட்டில் மெல்லிசாக இழுத்துச் சுட்டார்கள். உப்புச்சுவையான இந்தப் பக்வீட் வகைக்குக் "கலெத்" என்று பெயர். கோதுமை மாவில் பாலும் முட்டையும் சேர்த்து இனிப்புக்குச் சுடுவது "கிறேப்". (இந்தப் பெயர்ப் பிரிவினையைப் பற்றி பிறெத்தாஞ்சுக்குள்ளேயே கிழக்கும் மேற்கும் சண்டை பிடிக்கும். மேற்கில் இரண்டையும் கிறேப் என்பார்கள். நாங்கள் அதற்குள் தலைபோட வேண்டாம்.) சுடுகிற தட்டு கிட்டத்தட்ட 40 சென்றிமீற்றர் அகல வார்ப்பிரும்பு வட்டம், பெயர் "பிலிக்". மாவை இழுக்கிறது தோசைக் கரண்டியால் இல்லை, "றோசெல்" என்ற சின்ன மரப்பலகைக் கோலால். புரட்டுவதற்கு நீளமான, மெல்லிய மரத்தட்டி. இந்தச் சொற்களெல்லாம் பிறெத்தோன் மொழிச் சொற்கள். பாரிசில் கடை நடத்துகிறவருக்கு அந்த மொழியில் ஒரு வசனம் பேசத் தெரியாவிட்டாலும் இந்தச் சொற்கள் தெரியும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அங்கே பழைய காலத்தில் கடையில் போய் இருந்து கிறேப் சாப்பிடுகிற பழக்கம் இல்லை. வீட்டில் ஒருநாள் சுட்டு அடுக்கிவைப்பார்கள். அந்த நாள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமை மாமிசம் தொடமாட்டார்கள், ஆகவே கலெத்தும் வெண்ணெயும் மோரும். எங்கட வீடுகளில் வெள்ளிக்கிழமைச் சைவம் தெரியுந்தானே, அந்த மணம்தான். வெண்ணெயில் உப்பு இருக்கும். பிரான்சின் மற்ற மாகாணங்களில் அரசர்கள் உப்புக்குக் கொடுமையான வரி போட்டிருந்தார்கள். பிறெத்தாஞ் அந்த வரிக்கு வெளியே நின்றது. உப்பு மலிவு, அதனால் வெண்ணெயில் தாராளம். இன்றைக்கும் கிறேப் கடைகளில் உப்பு வெண்ணெய்க் கரமல் என்று பெருமையாக விற்கிறார்களே, அதன் அடியில் இருப்பது ஒரு வரிவிலக்கு.

கிறேப் என்றால் என்னவென்று இன்னும் பிடிபடாதவர்கள் மட்டன் ரோல்ஸ் ஒன்றை எடுத்துத் தூளைச் சுரண்டிவிட்டு மேல்தோலைப் பிரித்துப் பாருங்கள். கோதுமை மாவைக் கரைத்து மெல்லிசாகச் சுட்ட அந்தத் தோல் கிறேப்தான். தேநீர்க் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய்ப்பூவும் பாணியும் வைத்துச் சுருட்டிக் கிடக்கிற பான்கேக்கும் அதே இனம். கொழும்பில் பிறந்தவர்கள் கிறேப் சாப்பிடப் பாரிசுக்குப் போகவேண்டியதில்லை. கதையைக் கேட்கத்தான் போகவேண்டும்.

இனி ரயில். பாரிசிலிருந்து மேற்கே போட்ட தண்டவாளம் 1857இல் ரென் நகரத்துக்கும், 1865இல் நாட்டின் கடைசி முனையான பிறெஸ்ட் துறைமுகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதே 1865இல்தான் இங்கே கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதைக்குக் கொழும்பில் இருந்த முதல் முனையமும் எங்கட மருதானைப் பக்கந்தான். கோட்டை ஸ்டேசன் எல்லாம் பிறகு வந்தது. இங்கே பாதை போட்டது மலையிலிருந்து கோப்பியை இறக்க. அங்கே போட்ட பாதை சனத்தை இறக்கியது.

பாதை வந்ததும் கிராமங்கள் காலியாகத் தொடங்கின. நிலம் காணாது, பிள்ளைகள் அதிகம். இளம் பெட்டைகள் பாரிஸ் வீடுகளில் வேலைக்காரிகளாகப் போனார்கள். ஆண்கள் மண் வெட்டவும், தண்டவாளத்திலும், தொழிற்சாலைகளிலும். 1900 ஜூலையில் பாரிஸ் மெத்ரோவின் முதல் பாதை திறந்தபோது, அந்தச் சுரங்கங்களைத் தோண்டிய கைகளில் பிறெத்தோன் கைகள் நிறைய இருந்தன. திட்டத்தின் தலைமைப் பொறியியலாளர் ஃபுல்ஜான்ஸ் பியான்வெனுவும் பிறெத்தாஞ்சில் பிறந்தவர்தான்; ஒரு ரயில் விபத்தில் இடது கையை இழந்தவர். இன்றைக்கு மொன்பர்னாஸ் மெத்ரோ நிலையத்தின் பெயரோடு அவர் பெயரும் ஒட்டியிருக்கிறது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. இதற்காக ஆச்சரியப்படவேண்டியதும் இல்லை, மலைநாட்டு ரயில் பாதைகளில் எத்தனை தொழிலாளியின் பெயரைப் படித்திருக்கிறோம்?

வந்த சனம் இறங்கின இடம் மொன்பர்னாஸ் ஸ்டேசன். பெட்டியோடு எவ்வளவு தூரம் நடக்கமுடியும்? சுற்றியுள்ள தெருக்களிலேயே மலிவு அறை, ஊர்க்காரன் நடத்துகிற மதுக்கடை, ஊர்ப் பாதிரியார், வேலை தேடித் தருகிற ஆள். இன்னொரு கூட்டம் வடக்கே சென்-தெனியின் தொழிற்சாலைகளுக்குப் போனது. ஊர்ச் சாப்பாடும் பின்னால் வந்தது. மொன்பர்னாஸ் தெருவிலும் ஒதெசா தெருவிலும் இன்றைக்கு ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற கிறேப் கடைகளுக்குக் காரணம் பாரிஸ்காரரின் நாக்கு இல்லை. அது ரயில் அட்டவணை.

வரவேற்பு எப்படி இருந்தது என்பதற்குப் பிரெஞ்சு அகராதியே சாட்சி. "பறகுவினே" என்று ஒரு வினைச்சொல் உண்டு, விளங்காத மொழியில் உளறுவது என்று அர்த்தம். பிறெத்தோன் மொழியில் "பாரா" என்றால் பாண், "குவின்" என்றால் வைன். பசியோடு வந்து பாணும் வைனும் கேட்ட சனத்தின் குரல்தான் பிரெஞ்சுக் காதில் உளறலாகிப் போனது என்று அந்தச் சொல்லுக்குப் பரவலாக விளக்கம் சொல்வார்கள். பட்டிக்காட்டானைக் குறிக்கிற "ப்ளூக்" என்ற வசைச்சொல்லையும் "ப்ளூ" என்று தொடங்குகிற பிறெத்தோன் ஊர்ப்பெயர்களோடு சேர்த்துப் பேசுவார்கள். 1905 பெப்ரவரி 2ஆம் திகதி, சிறுமிகளுக்கான ஒரு பத்திரிகையின் முதலாவது இதழில் "பெக்கசின்" என்ற சித்திரக்கதைப் பாத்திரம் வந்தது. பிறெத்தாஞ்சிலிருந்து வந்த வேலைக்காரப் பெட்டை, நல்ல மனசு, மந்த புத்தி. அவளை வரைந்தபோது பெரும்பாலும் வாயை வரையவில்லை. முகத்தில் இரண்டு புள்ளிக் கண், சின்ன மூக்கு, அவ்வளவுதான். பிறெத்தோன் இளைஞர்கள் இதை மறக்கவில்லை; 1939இல் பாரிஸ் மெழுகுச் சிலைக் காட்சியகத்துக்குள் புகுந்து பெக்கசினின் சிலையை உடைத்தார்கள். இன்னொரு தற்செயல்: பெப்ரவரி 2ஆம் திகதிதான் பிரான்ஸ் முழுக்கக் கிறேப் சுடுகிற திருநாள். ஒரு கையில் காசு நாணயத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கிறேப்பைத் தூக்கிப் புரட்டினால் அந்த வருசம் பணம் வரும் என்று நம்பிக்கை. வாயில்லாத பெட்டை பிறந்த அதே நாளில், அவளுடைய பதார்த்தத்தை வாய் நிறையச் சாப்பிடுகிறார்கள்.

பள்ளிக்கூடம் இதைவிட மோசம். 1880களில் இலவசக் கட்டாயக் கல்வி வந்தபோது மொழி பிரெஞ்சு மட்டுமே. வகுப்பில் பிறெத்தோன் பேசிப் பிடிபட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரச்செருப்பையோ வேறு ஏதாவது பொருளையோ மாட்டிவிடுவார்கள். அதற்கு "சின்னம்" என்று பெயர். அடுத்ததாகப் பிறெத்தோன் பேசுகிற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் அது அவன் கழுத்துக்கு மாறும். பின்னேரம் யாருடைய கழுத்தில் கிடக்கிறதோ அவனுக்குத் தண்டனை. ஒரு மொழியைக் கொல்ல வேண்டுமென்றால் அதைப் பேசுகிற பிள்ளைகளையே ஒருவரையொருவர் பிடிக்கப் பழக்கவேண்டும் என்று யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

போன வருசம் பாரிசில் என்னைக் கூட்டிக்கொண்டு திரிந்தவர் சித்தப்பா. எண்பதுகளின் கடைசியில் போனவர். "கிறேப் கடை பார்க்கவேணும்" என்று நான்தான் கேட்டேன். மொன்பர்னாஸ் பக்கம் ஒரு சின்னக் கடையில் மூலை மேசை கிடைத்தது. முட்டை, சீஸ், பன்றித்தொடை மூன்றும் வைத்த கலெத் 12 யூரோ. எனக்கு வந்தது நாலாயிரம் ரூபா என்ற கணக்கு, அதை மருதானை முட்டை அப்பமாக மாற்றிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். சித்தப்பா முதல் துண்டை வாயில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "மாவை ராவிலேயே கரைச்சு வைக்கோணும் பிள்ளை. இவங்கள் விடியத்தான் கரைச்சிருக்கிறாங்கள்" என்றார்.

அவர் கிறேப் கடையில் வேலை செய்தது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. எங்கட வீட்டில் "வெளிநாட்டில் ரெஸ்டோரண்டில் வேலை" என்பதோடு கதை முடிந்துவிடும். "கோப்பை கழுவத்தான் சேர்ந்தனான். ஒரு சனிக்கிழமை சுடுறவன் வரேல்லை. முதலாளி குசினிக்குள்ள எட்டிப் பார்த்தான், நான் மட்டுந்தான் நிண்டனான். வீட்டில அம்மா அப்பம் சுடுறதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது என்ன பெரிய வேலை எண்டு நினைச்சன். முதல் பத்தும் பிஞ்சு போச்சு." பிறகு பதினொரு வருசம் சுட்டிருக்கிறார். நான் கேட்டேன், வாடிக்கையாளர் யாராவது உங்களைப் பார்த்திருக்கிறார்களா என்று. "குசினி கீழ, நிலவறையில. சாப்பாடு மேல போறதுக்குச் சின்ன லிஃப்ட் இருந்தது. கலெத் போகும், வெறுங்கோப்பை வரும்." பதினொரு வருசத்தில் ஒருநாளும் இப்படி மேசையில் இருந்து சாப்பிட்டதில்லையாம். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாளாகப் பழகின ஒரு இடத்தைக் காட்டுகிற மாதிரித்தான் சொன்னார்.

எங்கட ஆக்கள் இறங்கினது மொன்பர்னாசில் இல்லை, கார் து நோர் பக்கம். 1983க்குப் பிறகு போனவர்களில் பலரின் மனதில் இருந்தது லண்டன். 1985இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றுக்கு அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. வழியில் இருந்த பாரிஸ் பலருக்கு வந்துசேர்ந்த இடமாகிப் போனது. கார் து நோரிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் மலிவான தெருக்கள்: ஃபோபூர் சென்-தெனி, கை, பெர்தொனே. முதலில் ஒரு மளிகைக் கடை, பிறகு சேலை, நகை, சாப்பாடு, சலூன். 1985இலேயே மாணிக்க விநாயகர் ஆலயமும் வந்துவிட்டது. ஒவ்வொரு வருசமும் ஆகஸ்ட் கடைசியை ஒட்டித் தேர் ஓடும்போது பாரிஸ் நடுத்தெருவில் தேங்காய் உடைபடும். அதற்கு முன்னமே பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்த புதுச்சேரித் தமிழர்கள் பாரிசில் இருந்தார்கள், அது வேறு கதை, வேறு வர்க்கம். ஈழத்தவரின் கதை குசினிக் கதை. பாரிஸ் சாப்பாட்டுக் கடைகளின் பின்கதவால் போய்ப் பார்த்தால் தமிழ் கேட்கும். 2015இல் கான் திரைவிழாவில் தங்கப்பனை வென்ற "தீபன்" படத்தின் நாயகன், எழுத்தாளர் ஷோபாசக்தி, அவரும் பாரிசில் சமையல்காரன் உட்படப் பல கூலி வேலைகளைச் செய்தவர்தான்.

சென்-தெனித் தொழிற்சாலைகளுக்குப் பிறெத்தோன்காரர் போனார்கள் என்று மேலே சொன்னேன். அதற்குப் பக்கத்து ஊர் லா கூர்னேவ். இன்றைக்கு அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நூறு வருச இடைவெளியில் அதே வாடகை, அதே ரயில், வேறு சனம்.

பிறகு 2023 மே மாதம் வந்தது. பாரிசின் சிறந்த பகெத் பாணுக்கான போட்டியில் 20ஆம் வட்டாரத்து, பிறெனே தெருவில் கடை வைத்திருக்கிற தர்ஷன் செல்வராஜா வென்றார். இலங்கையில் பிறந்து 2006இல் பிரான்சுக்குப் போனவர். பரிசு 4000 யூரோவும், ஒரு வருசத்துக்கு ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்கிற உரிமையும். அதற்கு ஆறு மாதத்துக்கு முன்னால்தான் பகெத் செய்யும் கைவினையை யுனெஸ்கோ உலகின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருந்தது. 2024 ஜூலையில் ஒலிம்பிக் சுடரையும் தூக்கிக்கொண்டு ஓடினார். எங்கட வட்ஸ்அப் குழுக்களில் அந்த நாள் முழுக்க அதே படந்தான். ஒரு குழுவில் "இலங்கையருக்குப் பெருமை", இன்னொன்றில் "ஈழத்தமிழருக்குப் பெருமை". நானும் இரண்டிலும் கைதட்டினேன். பொய் இல்லாத சந்தோஷம் அது. ஆனால் பிறெத்தோன்காரரின் கதையைப் படித்த பிறகு அந்தக் கைதட்டலுக்குள் ஒரு கேள்வி நுழைந்துவிட்டது: ஒரு நகரம் ஒருவனின் கையால் சுட்டதைச் சாப்பிடுவதும் அவனை ஏற்றுக்கொள்வதும் ஒன்றா?

இதற்குப் பதில் தேடப் பாரிஸ் வேண்டாம். 1905இல் வடக்குப் பாதை காங்கேசன்துறை வரை முழுதாகத் திறந்ததும் யாழ்ப்பாணத்துப் பெடியள் கிளார்க் வேலைக்கும் கடை வேலைக்கும் கொழும்புக்கு வரத் தொடங்கினார்கள். மாதக் கடைசியில் ஊருக்கு மணியோடர் போகும்; பிறெத்தோன் வேலைக்காரிகளின் காசும் அப்படித்தான் ஊருக்குப் போனது. தனியாக வந்த ஆம்பிளைகளுக்குச் சாப்பாடு வேண்டுமே, ஆகவே சைவக் கடை. மருதானை, கோட்டை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, எங்கெல்லாம் அறை எடுத்தார்களோ அங்கெல்லாம் தோசையும் வடையும். அப்பம் மட்டும் எல்லாருடையது. சிங்களவருக்கு அது "ஆப்ப", முஸ்லிம் கடைகளில் பின்னேரம் அஞ்சு மணிக்குத் தொடங்கும், எங்கட வீடுகளில் பாலப்பம். ராத்திரிக் கடைத்தெரு என்றால் அப்பம் என்பது புதுப் பழக்கமும் இல்லை. மதுரைக்காஞ்சியில் இரவுக் காட்சி ஒன்று வருகிறது: தேன்கூடு மாதிரி வரிவரியான மெல்லிய அடை விற்கிறவர்கள், நேரம் போனதில் இருந்த இடத்திலேயே தூங்கிவிழுகிறார்கள். அப்பத்தின் ஓரத்தில் அந்தத் தேன்கூட்டை இன்றைக்கும் பார்க்கலாம். கலெத்தின் மேலேயும்.

கொழும்பு முழுக்கச் சைவக் கடைத் தோசையைச் சாப்பிட்டது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. ரயிலை ஓடவிட்டவர்களும் அதில் வருகிறவனின் மொழியைத் தள்ளிவைத்தவர்களும் இரண்டு நாட்டுக்காரர் இல்லை. சட்டத்துக்குக் கை தூக்கியவர்களில் தோசை பிடிக்காதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கலவர நாட்களில் வாளிக்குரிய சிங்களச் சொல்லான "பால்திய"வைச் சொல்லச்சொல்லி ஆளைப் பிடித்தார்கள் என்று தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உச்சரிப்புக் கொஞ்சம் பிசகினால் தமிழன். பாணும் வைனும் கேட்டவனை உளறுகிறான் என்று சிரித்த காதுதான் இது. இங்கே கையில் பெற்றோலும் இருந்தது. 1983 ஜூலையில் பொரளையில் தொடங்கி மருதானை, புறக்கோட்டை, வெள்ளவத்தை என்று எரிந்த கடைகளில் சைவக் கடைகளும் இருந்தன. எரித்தவர்களில் சிலராவது முதல் கிழமை அங்கே தேத்தண்ணி குடித்திருப்பார்கள். கொஞ்ச வருசத்தில் கடைகள் திரும்பத் திறந்தன, பழைய வாடிக்கையாளரும் திரும்ப வந்தார்கள். தோசைக்கு ஒரு பகையும் இருக்கவில்லை.

இதனால்தான் "சாப்பாடு மனிதர்களைச் சேர்க்கும்" என்று யாராவது உணவுத் திருவிழா மேடையில் சொல்லும்போது எனக்கு முழுசாகச் சம்மதமில்லை. சேர்க்கும், சாப்பிட்டு முடிகிற வரைக்கும். சாப்பாடு சுலபமாக வேலி தாண்டுகிறது, ஏனென்றால் அது வாங்குகிறவனிடம் ஒன்றையும் கேட்பதில்லை. காசு கொடுத்தால் போதும். மொழி அப்படி இல்லை. ஒருவன் அவனுடைய மொழியில் உங்களோடு கதைத்தால் நீங்களும் ஏதாவது செய்யவேண்டும்: படிக்கவேண்டும், பலகையில் இடம் கொடுக்கவேண்டும், படிவம் அச்சடிக்கவேண்டும். செலவுள்ள வேலை.

பிறெத்தோன்காரரின் கணக்கைப் பாருங்கள். கிறேப் வென்றுவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. பாரிஸ் மூலைமுடுக்கெல்லாம், தோக்கியோவிலும் கூட. மொழியோ யுனெஸ்கோவின் வேறொரு பட்டியலில், கடுமையாக அழிவை எதிர்நோக்குகிற மொழிகளோடு நிற்கிறது. 1977இல் பெற்றோர்கள் சேர்ந்து "திவான்" என்ற பெயரில் முழுக்கப் பிறெத்தோனில் கற்பிக்கிற பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார்கள். இன்றைக்கும் நடக்கின்றன, கஷ்டப்பட்டு. 2021இல் பாராளுமன்றம் பிராந்திய மொழிகளைப் பாதுகாக்கிற சட்டமொன்றை நிறைவேற்றியது. முழுக்க அந்த மொழியிலேயே கற்பிக்கும் முறை அரசியலமைப்புக்கு முரண் என்று மே மாதம் அரசியலமைப்புச் சபை அந்தப் பகுதியை வெட்டிவிட்டது. குடியரசின் மொழி பிரெஞ்சு என்ற வரியை 1992இல் சேர்த்திருந்தார்கள், அதைக் காட்டி.

முன்னால் ஞாபகத்தில் வைக்கச்சொன்ன விஷயம் இதுதான். பிலிக், றோசெல் என்ற சொற்களைச் சித்தப்பாவும் அப்படியே சொன்னார். அவை பிரெஞ்சு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாராம். பிறெத்தோன் மொழியில் அவருக்குத் தெரிந்த இரண்டே சொல். அந்தக் கடையின் முதலாளிக்கும் ஏழோ எட்டோதான் தெரிந்திருக்கும்; தாத்தாவின் கழுத்தில் செருப்பு தொங்கினதோ என்னவோ.

லாச்சப்பலில் இப்போது கடைப் பலகைகளில் தமிழ் இருக்கிறது. சனிக்கிழமைகளில் தமிழ்ச்சோலைப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகிற தாய்மாரையும் பார்த்தேன். சித்தப்பாவின் மகளுக்குப் பதினைந்து வயது. மட்டன் ரோல்ஸ் என்றால் உயிர், சுடவும் தெரியும். என்னோடு கதைக்கும்போது பாதி வசனத்தில் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவாள், பிறகு "சொறி அக்கா" என்று திரும்பி வருவாள். இங்கே, 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழியானது. மருதானையில் ஒரு பின்னேரம் நடந்து பாருங்கள். அப்பம், கொத்து, தோசை, இடியப்பம் எல்லாம் விலையோடு பலகையில் எழுதியிருக்கும். எத்தனை பலகையில் எந்த எழுத்தில் என்று எண்ணிக்கொண்டே நடவுங்கள். நான் எண்ணத் தொடங்கி இரண்டு கிழமையாகிறது, ஸ்டேசனிலிருந்து பஞ்சிகாவத்தைச் சந்தி வரைக்கும்தான் முடிந்திருக்கிறது. மிச்சத் தெருக்களுக்கு ஆட்கள் தேவை. அஞ்சு மணிக்குப் பிறகு வந்தால் அப்பமும் சாப்பிடலாம்.